எட்டாவது ஆளின் வலது கால்

ஹாலைத் திறப்பது, பெருக்குவது, துடைப்பது, பூட்டுவது. இதுதான் என் வேலை. ஊரில் இருபத்திரண்டு வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் இதையே செய்தேன். அக்கா எழுதிப்போட்ட கிரீன் கார்டு பதினாலு வருஷம் கழித்து வந்தது. விமானம் ஏறினேன், டெக்சாஸில் இறங்கினேன். இர்விங்கில் பெருக்குவதற்கு இன்னொரு ஹால் கிடைத்தது.

பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே சாம்பார் கறை, இங்கே கேக் கறை. அங்கே மொசைக் தரை, இங்கே மரத் தரை. மரத்துக்குத் தண்ணீர் ஆகாது. மாப்பை நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். அது ஒன்றுதான் புதிதாகக் கற்றுக்கொண்டது.

டயர் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில் இருக்கிறது ஹால். முதலாளிக்கு விருதுநகர்ப் பக்கம். ஃபிரிஸ்கோவில் வீடு. பகலில் கம்ப்யூட்டர் வேலை, ஹால் சைடில். என்னை அண்ணாச்சி என்பார். நான் முதலாளி என்பேன். அமெரிக்காவில் அப்படிக் கூப்பிடக் கூடாது, பேரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். சரி முதலாளி என்றேன்.

பிறந்தநாள், வளைகாப்பு, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எல்லாம் அங்கேதான் நடக்கும். நம் ஆட்கள் வந்தால் வாசலில் செருப்பு மலையாகக் குவியும். சனிக்கிழமை நாலு மணிக்கு மட்டும் ஒரு கூட்டம் வரும். அவர்கள் உள்ளே வந்துதான் செருப்பு போடுவார்கள். அதுவும் மரச் செருப்பு.

முதல் நாள் நான் வாசலை மறித்தேன். மரத் தரையில் மரச் செருப்பா என்று தமிழில் கேட்டேன். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, எல்லாரும் சிரித்தார்கள். முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் பேசி முடிவு செய்தார். செருப்பின் அடியில் ரப்பர் ஒட்ட வேண்டும். ஒட்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் நிற்பேன். ஒவ்வொருவராகச் செருப்பைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எல்லாருக்கும் ஐம்பது அறுபது வயது. வாத்தியாரிடம் நகம் காட்டுகிற பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்பார்கள்.

கூட்டத்துக்குத் தலைவி ஒரு அம்மா. எழுபது தாண்டியவர். பிரான்சில் பிறந்தவர், இங்கே பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மேடம் என்பேன். அவர் என்னை மிஸ்டர் என்பார். மிஸ்டருக்குப் பிறகு என் பேரைச் சொல்லப் பார்ப்பார், பாதியில் நிறுத்திவிடுவார். எனக்கு அது போதும்.

அவர்கள் ஆடுவதற்குப் பூரே என்று பேர். அவருடைய கிராமத்துப் பக்கத்து ஆட்டமாம். நாலு ஆண்கள் ஒரு வரிசை. எதிரே நாலு பெண்கள் ஒரு வரிசை. முறைத்துக்கொண்டே முன்னால் வருவார்கள். மோதிவிடுவார்கள் என்று நாம் நினைக்கும்போது பின்னால் போவார்கள். மறுபடியும் வருவார்கள், மறுபடியும் போவார்கள். அப்புறம் தோளோடு தோள் உரசாமல் குறுக்கே கடந்து, அவர்கள் இடத்துக்கு இவர்களும் இவர்கள் இடத்துக்கு அவர்களும் மாறுவார்கள். கையைப் பிடிப்பதில்லை. கட்டிப்பிடிப்பதில்லை. வேலித் தகராறில் இரண்டு வீட்டுக்காரர்கள் நிற்பது மாதிரிதான் இருக்கும். யாரும் அடித்துக்கொள்ளாததுதான் வித்தியாசம்.

பாட்டு வாசிப்பவர் ஒரே ஒருத்தர். விமான எஞ்சின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மடியில் ஒரு பெட்டி வைத்திருப்பார். பெட்டியின் கடைசியில் கைப்பிடி. அதைச் சுற்றினால் உள்ளே ஒரு சக்கரம் ஓடும், சக்கரம் தந்தியை உரசும். கரும்புச் சாறு மிஷினைச் சுற்றுவது போலச் சுற்றுவார். ஒரு கூடை தேனீயைத் தட்டிவிட்டது போலச் சத்தம் வரும். பத்து நிமிஷம் கேட்டால் பழகிவிடும். இருபது நிமிஷம் கேட்டால் கால் தானாக ஆடும்.

பாட்டுக்கு இரண்டு துண்டு. முதல் துண்டு இரண்டு தரம், இரண்டாவது துண்டு இரண்டு தரம். முதல் துண்டுக்கு முன்னும் பின்னும் போய் வருவது. இரண்டாவது துண்டுக்கு இடம் மாறுவது. முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து. அவ்வளவுதான். ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு என்று தாளம். நடுவில் சந்தோஷம் தாங்காமல் யாராவது ஒருத்தர் ஊளை மாதிரி ஒரு கத்து கத்துவார். முதல் மாதம் டயர் கடைக்காரர் கையில் ஸ்பேனரோடு ஓடிவந்தார். யாருக்கு அடிபட்டது என்று கேட்டார். டான்ஸ் என்றேன். ஸ்பேனரைத் தாழ்த்திக்கொண்டு போனார்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் வரிசையில் இருந்த ஆண்களில் ஒருத்தர், மகள் வீட்டோடு இருக்க அரிசோனாவுக்குப் போய்விட்டார். போகும்போது மரச் செருப்பை மேடத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் முதலாளி போன் செய்தார்.

"அண்ணாச்சி, சனிக்கிழமை டான்ஸுக்கு எத்தனை பேரு வர்றாங்க?"

"ஏழு."

"எட்டு இல்லயா?"

"எட்டு இருந்துச்சு முதலாளி. ஒருத்தரு அரிசோனா போயிட்டாரு."

"பெட்டி சுத்துறவரைச் சேத்தா?"

"சேக்காம ஏழு."

அவர் மனைவி பக்கத்தில் இருந்து ஏதோ சொல்வது கேட்டது. பெட்டி சுற்றுகிறவர் உட்கார்ந்துதானே இருக்கிறார், அவர் எப்படி ஆடுகிறவர் ஆவார் என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

விஷயம் இதுதான். முதலாளியின் மனைவி சினிமாப் பாட்டுக்கு டான்ஸ் சொல்லிக் கொடுக்கிறார். நாற்பத்திரண்டு பிள்ளைகள். இடம் கிடைக்காமல் இன்னும் இருபது பேர் காத்திருக்கிறார்கள். சனிக்கிழமை நாலு மணிதான் எல்லா அம்மாக்களுக்கும் தோதான நேரம். அந்த நேரம் மேடத்தின் கையில் இருந்தது. ஹாலைக் கொடுக்கும்போதே ஒரு வரி எழுதி வாங்கியிருந்தார்கள். எட்டு பேருக்குக் குறைவாக ஆடினால் அந்த நேரத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்று. அந்த வரியை எழுதச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. எழுதியது எழுதியதுதான் என்பார், அவ்வளவுதான். எட்டு பேர் ஆடினால் அது அவர்களுக்கு. ஆடாவிட்டால் வீட்டம்மாவுக்கு. இந்தப் பக்கமும் சாய மாட்டார், அந்தப் பக்கமும் சாய மாட்டார். வீட்டில் சாப்பாடு எப்படி இறங்குகிறதோ தெரியாது.

மேடத்திடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. செவன், ப்ராப்ளம். எய்ட், ஓகே. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இவ்வளவுதான் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இது அவர்களுக்கு நாலாவது ஹால். சர்ச்சில் ஆடியிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் ஆடியிருக்கிறார்கள், ஒரு நூலகத்தின் கீழ் அறையிலும் ஆடியிருக்கிறார்கள். மூன்று இடத்திலும் சத்தம் என்று அனுப்பிவிட்டார்கள். மரச் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டது நான் ஒருத்தன்தான். இங்கே இருந்தும் போனால் கூட்டம் கலைந்துவிடும் என்றார். போகிற வயதில் இன்னொரு ஹால் தேட முடியாது என்றார். சத்தமில்லாமல், எனக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகத்தான் சொன்னார்.

ரொம்ப நேரம் தரையைப் பார்த்தார். அப்புறம் என் காலைப் பார்த்தார்.

வேகமாக என்னமோ கேட்டார். இங்கிலீஷில் எனக்கு நன்றாக வருகிற வார்த்தை ஓகே. சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அரிசோனாக்காரரின் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அப்போதுதான் எதற்கு ஓகே சொன்னேன் என்று தெரிந்தது. செருப்பு எனக்கு இரண்டு சைஸ் பெரிது. மளிகைக் கடை விளம்பரத் தாளைக் கசக்கி உள்ளே திணித்தேன். அடியில் ரப்பர் இருக்கிறதா என்று பழக்கத்தில் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. என்னை நானே உள்ளே விட்டேன்.

அடி வைப்பது கஷ்டம் இல்லை. இடது, வலது, இடது. ஒரு நிறுத்தம். வலது, இடது, வலது. ஒரு நிறுத்தம். இரண்டு வருஷம் மாப்போடு நின்று பார்த்திருக்கிறேன். எல்லாம் தெரியும். கடைசி ஆளாக வரிசையில் நின்றேன். எதிரே மேடம் நின்றார். வேறு யாரையும் என் எதிரே நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை என்று பின்னால் புரிந்தது. பெட்டிக்குள் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. ஏழு பேர் இடது காலை வைத்தார்கள். நான் வலது காலை வைத்தேன்.

முன்னும் பின்னும் போகும்வரை பெரிதாகத் தெரியவில்லை. கடக்கும்போது தெரிந்தது. கால் மாறினால் தோள் மாறும். தோள் மாறினால் கடக்க முடியாது, மோதத்தான் முடியும். மேடத்தின் மூக்குக் கண்ணாடி பறந்து போய் விழுந்தது. என் பக்கத்தில் ஆடியவர் ஒரு பல் டாக்டர். என்னைத் தாங்கப் பார்த்து அவர் பக்கத்து ஆள் மேல் சாய்ந்தார். அவர் அடுத்தவர் மேல். ஆண்கள் வரிசை மொத்தமும் சைக்கிள் ஸ்டாண்ட் மாதிரி சரிந்தது.

இது ஏன் என்று சொல்கிறேன். மண்டபத்தில் இருபத்திரண்டு வருஷம் என் இடம் வாசல்தான். பெண் வந்தால், மாப்பிள்ளை வந்தால், ஆரத்தி எடுத்து முடிந்ததும், வலது காலை எடுத்து வச்சு வாம்மா, வலது காலை எடுத்து வச்சு வாங்க தம்பி என்று சொல்வது நான்தான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லாமல் ஒரு பெண் இடது காலை வைத்து, அதைப் பார்த்த அத்தைக்காரி அழுது, கல்யாணமே அரை மணி நேரம் நின்றது. அன்றிலிருந்து நான் சொல்ல ஆரம்பித்தேன். எத்தனை கல்யாணம் என்று கணக்கில்லை. புது இடம், புதுக் காரியம், எது என்றாலும் வலது கால்தான் முதலில் போகும். டல்லாஸ் ஏர்போர்ட்டில் விமானத்தை விட்டு இறங்கும்போதுகூட, பின்னால் இருநூறு பேரை நிறுத்திவிட்டு, காலை மாற்றி வைத்துத்தான் இறங்கினேன்.

இடது எது வலது எது என்று எனக்குத் தெரியும். கால் என்னைக் கேட்பதில்லை.

மேடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். விடுவாரா. முதலில் என் இடது காலில் சிவப்பு நூல் கட்டினார். நூலைப் பார்த்துக்கொண்டே வலது காலை வைத்தேன். அடுத்து இடதுக்குத் தமிழில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பாட்டு ஆரம்பிக்கும்போது, "இடது! இடது!" என்று பரேடு மாதிரி குரல் கொடுத்தார். அவர் சொல்கிற இடது கேட்க நன்றாக இருந்தது. வலதுதான் போனது. கடைசியில் வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார், கொக்கு மாதிரி. இடது கால் அந்தரத்தில் இருக்கிறது, அதுதானே முதலில் போக முடியும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். பாட்டு ஆரம்பித்ததும் இடது காலைக் கீழே வைத்து நிதானமாக நின்றுகொண்டு, வலது காலை எடுத்து வைத்தேன்.

பெட்டி சுற்றுகிறவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் ஆட ஆரம்பித்த மூன்றாவது வாரம் முதலாளியும் அவர் மனைவியும் வந்தார்கள். சுவரோரம் இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். போட்டுக் கொடுத்துவிட்டு மரச் செருப்பை மாட்டிக்கொண்டு வரிசைக்குப் போனேன். முதலாளி என்னையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பாட்டு ஆரம்பித்தது. முதல் சுற்றிலேயே மேடத்தை இடித்தேன். இரண்டாவது சுற்றில் பல் டாக்டரை இடித்தேன். மூன்றாவது சுற்றில் எல்லாரும் என்னைப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி ஆடியதில் வரிசையே வளைந்துபோனது.

முடிந்ததும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, எட்டு பேரு ஆடணும்னுதான் பேச்சு. ஏழு பேரு ஆடுறாங்க, ஒருத்தரு இடிக்கிறாரு."

"ஆமா முதலாளி."

"இதை எட்டுன்னு நான் எப்படிச் சொல்ல? பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கா."

"சொல்ல வேண்டாம் முதலாளி."

அவர் மனைவி இந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அண்ணாச்சியைக் குத்தம் சொல்லாதீங்க. பாவம், அவரு துடைக்கிற ஆளு. ஆட வச்சவங்களைச் சொல்லணும்."

குத்தம் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

முதலாளி யோசித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை இன்னொரு தரம் வருவதாகச் சொன்னார். அதோடு சரி. மேடத்துக்கும் அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மேடம் என்னிடம் கோபப்படவில்லை. செருப்பைக் கழற்றி, துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். மற்ற வாரங்களில் அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு போவார். பெட்டிக்காரர் தந்திகளைத் தளர்த்தினார். மற்ற வாரங்களில் அதையும் பார்த்ததில்லை. போகும்போது மேடம் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கும்போதே சொன்னார். நான் ஓகே என்று சொல்லவில்லை. தரையைத் துடைக்கப் போனேன்.

வீட்டில் பழகிப் பார்த்தேன். எங்கள் அப்பார்ட்மென்ட் இரண்டாம் மாடி. மனைவி ஒரு டேகேரில் சமையல் வேலை முடிந்து வந்து, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு இருந்தாள்.

"என்ன சத்தம்?"

"ஆடுறேன்."

கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆடுங்க," என்றாள்.

ஆடினேன். கீழ் வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையை இடித்தார். மரச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு ஆடினேன். நாலு நாளும் வலது கால்தான் போனது. வியாழக்கிழமை கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம், எட்டு பேர், முதலாளி வீட்டம்மா, சிவப்பு நூல், கொக்கு. இவ்வளவு நீளமாக நான் பேசி அவள் கேட்டதில்லை. அதனாலேயே கவனமாகக் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"வலது கால் முதல்ல போவுது. போவட்டுமே," என்றாள். "உள்ள வர்றதுக்குத்தான வலது கால். வந்தாச்சுல்ல. அப்புறம் எந்தக் கால் போனா என்ன?"

"பாட்டு ஆரம்பிக்கிறதே இடது கால்லதான்."

"பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உள்ள வாங்க. ஒரு அடி பின்னால நில்லுங்க. வலது காலை வச்சு வாங்க. வந்து ஆடுங்க."

எழுந்தேன். கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போனேன். வலது காலை வைத்து வீட்டுக்குள் வந்தேன். இடது, வலது, இடது. போனது. கால் முரண்டு பண்ணவில்லை. மறுபடியும் வெளியே போனேன். மறுபடியும் உள்ளே வந்தேன். இருபது தரம் இருக்கும். எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மா கதவைத் திறந்து, சாவி தொலைந்துவிட்டதா என்று இங்கிலீஷில் கேட்டார். என் மனைவி, இல்லை, இப்போதுதான் கிடைத்தது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. எப்போது உள்ளே வருவது? முன்னாலேயே வந்து நின்றுவிட்டால் நின்ற இடத்தில் கால் மறுபடி புதிதாக ஆரம்பிக்கும், வலதுதான் போகும். போனில் பதிந்து வைத்திருந்த பாட்டைப் போட்டுக் கேட்டேன். இரண்டு வருஷமாகக் கேட்கிற பாட்டு. அன்றுதான் ஒன்று காதில் விழுந்தது. முதல் அடி விழுவதற்கு முன்னால், அதை ஒட்டி, சின்னதாக ஒரு தட்டு இருக்கிறது. அது தாளத்தில் சேர்ந்தது இல்லை. தாளத்தைக் கூப்பிடுகிற தட்டு. தாலி கட்டும் நேரம் ஐயர் ஒரு விரலைத் தூக்குவார். கெட்டி மேளம் என்பார். அந்த விரலுக்கும் மேளம் விழுவதற்கும் நடுவில் ஒரு நொடி இருக்கும். இது அந்த விரல். ஒவ்வொரு துண்டு ஆரம்பிக்கும்போதும் அந்த விரல் வருகிறது. பூரேவுக்கு அடையாளமே அதுதான் என்று மேடம் பின்னால் சொன்னார். விரலுக்கு வலது கால். மேளத்துக்கு இடது கால்.

சனிக்கிழமை சீக்கிரமே ஹாலைத் திறந்தேன். மேடம் வந்ததும் வரிசைக்கு ஒரு அடி பின்னால் நின்று, பெட்டிக்காரரைப் பார்த்து விரலைத் தூக்கினேன். அவர் சுற்றினார். சின்னத் தட்டில் வலது காலை வைத்து வரிசைக்குள் வந்தேன். இடது, வலது, இடது. ஒரு சுற்று முழுதும் போனேன். யாரையும் இடிக்கவில்லை. இடிக்க ஆளும் இல்லை, நான் மட்டும்தான் ஆடினேன்.

பெட்டிக்காரர் அந்தச் சின்னத் தட்டை மட்டும் மூன்று தரம் வாசித்துக் காட்டினார், மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி. மேடம் என் காலையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் சின்ன வயதிலிருந்து இடது காலில் ஆரம்பித்து ஆடுகிறவர். அவர் அம்மாவும் அப்படித்தான் ஆடினாராம். ஏழு பேரும் இடது காலில் ஆரம்பித்து நான் ஒருத்தன் மட்டும் பின்னாலிருந்து வந்தால், பார்க்கிறவர்களுக்கு அது ஆட்டம் மாதிரி தெரியாது. லேட்டாக வந்தவன் மாதிரி தெரியும். முதலாளி வீட்டம்மா விடமாட்டார்.

மேடம் எல்லாரையும் பார்த்து என்னமோ சொன்னார். யாரும் நகரவில்லை. இன்னொரு தரம் சொன்னார். ஏழு பேரும் ஒரு அடி பின்னால் போய் நின்றார்கள். மேடமும்தான்.

ஆரம்பித்தோம். சின்னத் தட்டில் வலது காலை வைத்தோம். பல் டாக்டர் மட்டும் இடது காலை வைத்து, எதிர் வரிசையில் ஆடிய அவர் மனைவியை இடித்தார். மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தரம் இரண்டு பெண்கள் காலை மாற்றி வைத்து ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்தார்கள். பத்துப் பதினைந்து வருஷப் பழக்கம் அவர்களுக்கு. அன்று அந்த ஹாலில் நான் ஒருத்தன்தான் சரியாக ஆடினேன். பல் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் காலில் கிடந்த சிவப்பு நூலை அவிழ்த்து அவர் காலில் கட்டினேன். எந்தக் காலில் என்று கேட்டார். வலது என்றேன்.

முதலாளியும் மனைவியும் வந்தபோது நாங்கள் இன்னும் இடித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். என் தரை, சுத்தமாகத்தான் இருந்தது.

மேடம் வரிசைக்குப் போனார். பெட்டிக்காரரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் விரலைத் தூக்கினேன்.

எட்டு வலது கால் ஒரே நேரத்தில் விழுந்தது. ரப்பர் ஒட்டியும் அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அப்புறம் இடது. முன்னால் போனோம், பின்னால் வந்தோம். கடந்தோம். மேடத்தின் தோள் என் தோளுக்குப் பக்கத்தில் காற்று மாதிரி போனது. கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது.

இரண்டாவது சுற்றும் போனது. சுவரோரம் பேச்சு கேட்டது.

"எட்டு," என்றார் முதலாளி.

"பெட்டிக்காரரைச் சேத்தீங்களா?"

"சேக்கல. நீயே எண்ணு."

எண்ணினார். விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். நாங்கள் இடம் மாறிவிட்டதால் குழம்பிப்போய் முதலில் இருந்து மறுபடி எண்ணினார். எண்ணி முடிக்கிறவரை ஆடுவோம் என்று ஆடினோம். நாலாவது சுற்று, ஐந்தாவது சுற்று. மூச்சு வாங்கியது. அந்த நேரத்தில் மேடம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கத்துகிற முறை என்னுடையது என்று புரிந்தது. என்ன கத்துவது என்று யோசிக்க நேரம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் கேட்டது வாயில் வந்தது.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

டயர் கடைக்காரர் ஸ்பேனரோடு வாசலில் வந்து நின்றார். முதலாளி நாற்காலியில் முன்னால் குனிந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. எழுதியது எழுதியதுதான் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அவர் டான்ஸ் டீச்சர். கால் தாளம் போட்டுக்கொண்டு இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சேலை மடிப்பால் மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை நாலு மணி மேடத்திடமே இருக்கிறது. முதலாளி வீட்டம்மா ஒன்றரை மணியில் இருந்து மூன்றரை மணி வரை எடுத்துக்கொண்டார். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் போன பிறகு, மரச் செருப்புகள் வருவதற்குள், அரை மணி நேரத்தில் ஹாலைத் துடைக்க வேண்டும். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தோற்றது என் இடுப்பு.

இப்போது பதினோரு பேர் வருகிறார்கள். நான் ஆட வேண்டிய கட்டாயம் இல்லை. யாராவது வராத வாரம் ஆடுவேன். மற்ற வாரம் வாசலில் மாப்போடு நிற்பேன். ஆரம்பிக்கும்போது மட்டும் மேடம் என் பக்கம் திரும்புவார். விரலைத் தூக்குவேன்.

போன மாதம் ஆஸ்டினில் இருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பிரான்சுக்கே போய் இந்த ஆட்டத்தைக் கற்றவர்களாம். ஒரு சுற்று பார்த்துவிட்டு அந்த ஆள் மேடத்திடம் போய், ஆரம்பம் தப்பு, இடது காலில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னார். பல் டாக்டர் எனக்கு அதை ஜாடையில் காட்டினார். மேடம் அவரிடம் பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். நடுவில் வந்த ஒரே ஒரு தமிழ் வார்த்தைதான் எனக்குப் புரிந்தது. வலது.

அந்த ஆள் மனைவியைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரு அடி பின்னால் போய் நின்றார்கள்.

நான் விரலைத் தூக்கவில்லை. அவர்கள் பக்கம் போய்ச் செருப்பைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். அடியில் ரப்பர் இல்லை. வெளியே போய் ஒட்டிக்கொண்டு வரச் சொன்னேன். டயர் கடை பக்கத்தில்தான் இருக்கிறது.